படத்தில் உருண்டை மட்டும் போதாது: வீட்டில் கள்ளி ஒட்டுக் கட்டுவது, ராமநாதபுரக் கரை

கேள்வி, தங்கச்சிமடத்திலிருந்து, பிப்ரவரி 3

நர்சரியில் வாங்கிய கள்ளி. மேலே சிவப்பாக ஒரு உருண்டை, கீழே மூன்று பட்டை வைத்த பச்சைத் தண்டு. தண்டின் அடி மஞ்சளாகி மெத்தென்று ஆகிவிட்டது. உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் அறுத்து மணலில் வைத்தால் வேர் விடுமா? இல்லையென்றால் எங்கள் வேலியில் சப்பாத்திக்கள்ளி நிறைய நிற்கிறது, அதன் மேல் ஒட்டலாமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பதில், உச்சிப்புளியிலிருந்து, பிப்ரவரி 3, இரவு

மணலில் வைக்க வேண்டாம் தம்பி. வேரே விட்டாலும் பிழைக்காது. அந்தச் சிவப்பில் பச்சையம் இல்லை. வெயிலில் இருந்து தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்க அதற்கு வழியே கிடையாது. கீழே இருக்கும் பச்சைத் தண்டு தயாரிப்பதை வாங்கித்தான் உயிரோடு இருக்கிறது.

உருண்டையின் பெயர் ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சி. பராகுவே பக்கத்துச் செடி. அங்கே இயல்பாக வளர்வது பச்சையும் பழுப்பும் கலந்த, யாரும் திரும்பிப் பார்க்காத நிறத்தில் இருக்கும். 1941-இல் ஜப்பானில் எய்ஜி வதனாபே என்பவரின் நாற்றுகளில் பச்சையம் இல்லாத சிவப்பு ஒன்று முளைத்தது. ஒட்டுக் கட்டியதால்தான் அது பிழைத்தது. இன்று தென்கொரியாவில் இருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆகிறது. கீழே இருக்கும் மூன்று பட்டைத் தண்டு வேறொன்றும் இல்லை, டிராகன் பழச் செடி.

முதலில் ஒன்று செய்யுங்கள். அழுகலுக்கு மேலே, தண்டு கெட்டியாக இருக்கும் இடத்தில் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தைப் படமெடுத்துப் போடுங்கள். நடுவில், நீரும் உணவும் ஓடும் குழாய்களால் ஆன ஒரு சின்ன வளையம் தெரியும். அது வெளிறிய பச்சையாக, சுத்தமாக இருந்தால் ஒட்டே தேவையில்லை. நாலு விரல் தண்டு மிஞ்சினால் போதும், ஒரு வாரம் நிழலில் காயவைத்து உருண்டையோடு அப்படியே நட்டுவிடலாம். தண்டு புது வேர் விடும். வளையத்தில் ஆரஞ்சோ பழுப்போ ஓடினால் இன்னும் மேலே அறுக்க வேண்டும்.

ஒவ்வொரு அறுப்புக்கும் பிளேடை ஸ்பிரிட்டில் துடையுங்கள். துடைக்காவிட்டால் அழுகலை நாமே மேலே ஏற்றிக்கொண்டு போகிறோம்.

பிப்ரவரி 4

படம் பார்த்தேன். வளையம் முழுக்க ஆரஞ்சு, ஒட்டு வரைக்கும் போய்விட்டது. தண்டு அவ்வளவுதான். உருண்டையின் அடியை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வாருங்கள். ஒரு புள்ளி நிறம்கூட மிஞ்சக் கூடாது. சுத்தமானதும் புது அடிச்செடியில் ஏற்ற வேண்டும். அதுவரை காகிதத்தில் சுற்றி நிழலில் வைத்தால் சில நாள் தாங்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஏற்றும் நேரத்தில் மறுபடி ஒரு சீவல்.

டிராகன் தண்டுக்காக நர்சரிக்கு அலைய வேண்டாம். பழத்துக்குத் தோட்டம் போட்டவர்கள் கவாத்து செய்து குவியலாக வெளியே தள்ளுகிறார்கள். கேட்டால் எடுத்துக்கொண்டு போ என்பார்கள். ஆனால் அது வேர் விட்டு நிமிர ஒரு மாதமாவது ஆகும், உங்கள் உருண்டை அவ்வளவு நாள் காத்திருக்காது. என்னிடம் வேர்விட்ட தண்டு இருக்கிறது. உச்சிப்புளி பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாள் நாலு எடுத்து வாருங்கள், அது எங்கள் வீட்டில் தட்டுப்பாடு.

பிப்ரவரி 4, பின்னிரவு

சப்பாத்திக்கள்ளிக்குப் பதில் சொல்லவில்லை. ஒட்டும். ஒப்பன்சியா வகைகளை அடிச்செடியாக வைப்பது பழைய வழக்கம். நான் வைப்பதில்லை. பெரிய முள்ளைப் பார்த்து ஒதுங்கிவிடலாம், கண்ணில் படாத பொடிமுள்தான் தொல்லை. கையில் ஏறினால் இரண்டு நாள் சோறு பிசைய முடியாது. மடலும் தட்டையாக இருக்கிறது. அதன் வளையம் நீண்ட கோடாக வரும், உருண்டையின் வட்டத்தோடு பொருத்துவது சிரமம். போதாததற்கு, ஒட்டுக்குக் கீழே புது மடலாக விட்டுக்கொண்டே இருக்கும், ஒடிக்க ஒடிக்க விடும்.

உங்கள் வேலியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். நசுக்கினால் ரத்தம் போலச் சிவப்பாகக் கசிந்தால் அது சாயப்பூச்சி. இதற்கு ஒரு கதை உண்டு. துணிக்குச் சாயம் எடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1795-இல், பிரேசிலில் இருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது அசல் சாயப்பூச்சி இல்லை, அதன் உறவுக்காரப் பூச்சி. சாயம் உருப்படியாகக் கிடைக்கவில்லை, ஆனால் அது வேறொரு கள்ளி வகையைக் காடு காடாகத் தின்று தீர்த்தது. நம் சப்பாத்திக்கள்ளியை மட்டும் தொடவில்லை. இதற்கென்று 1926-இல் இலங்கையில் இருந்து இன்னொரு இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கரையோரத்தில் மடல்களில் பஞ்சு படிந்து கள்ளி சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உருண்டையை அந்தப் பூச்சி தொடாது. ஆனால் மாவுப்பூச்சியும் வெள்ளைப் பஞ்சுதான், அது தொடும். நசுக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 6

தண்டை வாங்கிக்கொண்டு போயாச்சு. செய்முறையை இங்கேயே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் கேட்டார்கள்.

நாள் பார்ப்பது முதல் வேலை. பஞ்சாங்கம் இல்லை, அடிச்செடியைப் பார்க்க வேண்டும். நுனியில் புதுப் பச்சை தெரிந்து தண்டு விறைப்பாக நிற்க வேண்டும். இரண்டு நாள் முன்பே தண்ணீர் விட்டு வையுங்கள். சுருங்கிய தண்டில் எத்தனை அழகாக வெட்டினாலும் ஒட்டு நிற்காது.

சவரப் பிளேடு புதியதாக இருக்கட்டும். காய்கறிக் கத்தி நசுக்கும். தண்டின் நுனி ரொம்ப இளசு, அடி கட்டை. இரண்டுக்கும் நடுவே, பிளேடு வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினால் முகம் மேடுபள்ளமாகிவிடும். அப்புறம் மூன்று பட்டைகளின் ஓரத்தையும் சாய்வாகச் சீவிவிடுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. காயும்போது தோல் சுருங்காது, நடுச்சதை சுருங்கும். ஓரம் அப்படியே நின்று நடு குழிந்தால் மேல்துண்டு அந்தரத்தில் நிற்கும். உருண்டையின் ஓரத்துக்கும் இதேதான்.

தண்டை அறுத்ததும் மேலிருந்து இன்னொரு மெல்லிய சீவல் எடுத்து, அதை எடுக்காமல் முகத்தின் மேலேயே விட்டுவையுங்கள். நீங்கள் உருண்டையைச் சீவி முடிக்கும்வரை வெட்டு காயாமல் இருக்கும். பிறகு சீவலை எடுத்த கையோடு உருண்டையை வைத்து, லேசாகத் திருகி அமுக்கினால் இடையில் இருக்கும் காற்று வெளியேறும்.

வளையத்தின் மேல் வளையம். இது ஒன்றுதான் இதில் ரகசியம். இரண்டும் ஒரே அளவு என்றால் நேராக வைக்கலாம். டிராகனின் வளையம் சிறிது, உருண்டையுடையது பெரிது. நட்டநடுவில் வைத்தால் சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள்ளே உட்கார்ந்துகொள்ளும், எங்கேயும் தொடாது. ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள், இரண்டு வளையமும் இரண்டு இடத்திலாவது ஒன்றையொன்று வெட்ட வேண்டும். பார்க்கக் கோணலாக இருக்கும். இருக்கட்டும்.

இறுக்கிப் பிடிக்க எல்லோரும் ரப்பர் பேண்டு போடுகிறார்கள். நம் ஊர் உப்புக்காற்றிலும் வெயிலிலும் அது சீக்கிரம் விறைத்து அறுந்துவிடும். நான் போடுவது பழைய மீன்வலைத் துண்டு. மண்டபம் ஊரில் இருக்கும் மச்சான் கொடுத்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி உருண்டையின் மேல் போர்த்தி, தொங்கும் நாலு மூலையிலும் சின்ன ஈயக்குண்டு கட்டிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இழுக்கும். முள்ளில் மாட்டி வழுக்காமலும் நிற்கும். புதுத் தங்கூசி (நைலான் இழை) வேண்டாம், சதையில் இறங்கும். பழகி மெத்தென்று ஆன நூல்வலைதான் சரி. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் நிழல். வெட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

பிப்ரவரி 7

கோழிமுட்டையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி வலை கட்டியிருக்கிறீர்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, பிடிக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9

கீழக்கரை லாத்தா (அக்கா) கேட்டது நல்ல கேள்வி. வீட்டுப் பின்னால் சதுரக்கள்ளி ஆள் உயரம் நிற்கிறது, அதில் நாலைந்து உருண்டையை ஒட்டி ஒரு மரமாகவே ஆக்கிவிடலாமா என்று.

முடியாது லாத்தா. சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். உருண்டை அமெரிக்கக் கண்டத்துக் குடும்பம். பார்வைக்கு மட்டும்தான் ஒற்றுமை. கீறிப் பாருங்கள், சதுரக்கள்ளியில் பால் வடியும். சும்மா பார்க்க வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

ஆனால் உங்கள் சதுரக்கள்ளி வீண் இல்லை. பவளம் மாதிரி மடிப்பு மடிப்பாக வளரும் யூபோர்பியா லாக்டியா விற்கிறார்களே, அதுவும் அதே குடும்பம். அது பெரும்பாலும் இலைக்கள்ளி மாதிரி ஒரு தண்டின் மேல்தான் ஒட்டி வருகிறது. அதைச் செய்து பார்க்கலாம். பால் நிற்கும்வரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்து, நின்ற பிறகு பொருத்த வேண்டும். கள்ளி உருண்டையில் அவசரம், இதில் பொறுமை.

பிப்ரவரி 15

தண்ணீர் பற்றி யாருமே கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

நம் கரையில் போர்த் தண்ணீர் உப்பு. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காத தண்ணீரை டிராகனுக்கு ஊற்றிவிட்டு, ஒட்டு ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வேர் கருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மழைத்தண்ணீர்தான் முதல் தரம். கார்த்திகையில் மொட்டைமாடிக் குழாயில் டிரம் வைத்துப் பிடித்தது எனக்குப் பங்குனிவரை வரும், கள்ளிக்கு எவ்வளவு வேண்டும்? அது தீர்ந்தால் ஊருணித் தண்ணீர், அதற்கப்புறம் காவிரிக் குழாய்த் தண்ணீர். ஆர்.ஓ. மெஷினில் வெளியே கழிகிற தண்ணீரைச் செடிக்கு விடலாமே என்று சிக்கனம் பார்க்காதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

மண்ணுக்குக் கடற்கரை மணல் வேண்டாம். ஆற்றுமணல் அல்லது சல்லித்தூள், கொஞ்சம் மக்கிய எரு, அப்புறம் கரித்துண்டு. கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? சீமைக்கருவேலத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றால் இது ஒன்று. கரிமூட்டம் போடுகிற இடத்தில் மூட்டைக்குள் போகாத நொறுங்கல் கிடக்கும். சுண்டுவிரல் நக அளவில் சலித்து, மண்ணில் நாலில் ஒரு பங்கு கலந்தால் தண்ணீர் தேங்காது. சாம்பலைக் கலக்காதீர்கள்.

பிப்ரவரி 22

தங்கச்சிமடத்து உருண்டை பிடித்துவிட்டது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆட்டிப் பார்க்காதீர்கள் தம்பி. பிடித்ததற்கு அடையாளம் உருண்டையின் சுருக்கம் விரிவதுதான்.

இதைத் தொடர்ந்து நிறையப் பேர் தங்கள் ஒட்டுகளைப் படம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா, பார்க்கப் பொங்கல் கோலம் மாதிரி இருக்கிறது. ஒரு குறை சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். எல்லாப் படமும் உருண்டையின் படம். ஒன்றிலாவது கீழே இருக்கும் தண்டு முழுதாகத் தெரிகிறதா? தொட்டியும் தண்டும் அறுபட்டுப் போயிருக்கிறது. பிடித்ததா இல்லையா என்பதைத் தண்டுதான் தீர்மானிக்கிறது, அதைக் காட்டாமல் உருண்டையை மட்டும் காட்டினால் மற்றவர் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பிடிக்காமல் போனதையும் போடுங்கள். பிய்த்து, இரண்டு வெட்டுமுகத்தையும் அருகருகே வைத்து ஒரு படம். வளையம் எங்கே விலகியது, எங்கே குழிந்தது என்று அதில்தான் தெரியும். நான் நம்பிப் பார்ப்பது அந்தப் படங்களைத்தான்.

மார்ச் 14

பெரியபட்டினத்துக்காரர் என் மேலே கேள்வி எழுப்பியிருக்கிறார்: தண்டைக் காட்டு என்கிறீர்கள், தண்டு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே.

கடையில் வருவது குட்டைத் தண்டு. பெட்டியில் அடுக்க வசதி, மேஜையில் பார்க்க அழகு. ஆனால் பச்சையம் இல்லாத உருண்டைக்கும் தண்டுக்கும் சேர்த்து உணவு அந்தக் குட்டைத் தண்டில் இருந்துதான் வர வேண்டும். சிவப்பு, மஞ்சள் உருண்டைகளுக்கு ஒரு சாண் தண்டு விடுங்கள். ஓரிரண்டு வருடத்தில் உருண்டை பருத்துத் தண்டு நலிந்தால் புதுத் தண்டுக்கு மாற்றுவதுதான் வழி, இந்த ஜோடி நிரந்தரம் இல்லை. பச்சை உருண்டைகளுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அவை தாங்களே சம்பாதிக்கும், தாழ்வான தண்டே போதும்.

பிப்ரவரி 3-ஆம் தேதி நாலு விரல் தண்டு போதும் என்று எழுதினேனே, அது உயிரைக் காப்பாற்ற. வளர்க்க அது போதாது. இரண்டும் வேறு வேறு.

ஏப்ரல் 2

பெரெஸ்கியாப்சிஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு. இலை விடும் கள்ளி. குச்சி மாதிரி தண்டு, பொடிமுள் உண்டு, ஜாக்கிரதை. விதையில் இருந்து வந்த குஞ்சு நாற்றுகளை ஏற்ற இதை விட்டால் ஆள் இல்லை. முளைத்துச் சில வாரமே ஆன ஆஸ்ட்ரோஃபைட்டம் என்ற கள்ளியின் நாற்றை இடுப்பில் அறுத்து, குச்சியின் நுனியை அறுத்து, அதன் மேல் வைத்தால் போதும். கட்டு, வலை, ஈயம் ஒன்றும் வேண்டாம். அதன் பசையே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து மூன்று நான்கு நாள் ஈரம் காக்க வேண்டும்.

உள்மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஈரம்தான் சிரமம். நமக்குக் காற்றிலேயே இருக்கிறது. பெரிய உருண்டைக்கு எதிரியாக இருக்கும் அதே ஈரக்காற்று இங்கே உதவி செய்கிறது. சொந்த வேரில் வருடக்கணக்கில் புள்ளியாக உட்கார்ந்திருக்கும் நாற்று, இந்தக் குச்சியில் ஏறியதும் சில மாதத்தில் ஆளாகிவிடும். பிறகு டிராகனுக்கு மாற்றலாம், அல்லது அறுத்து வேர் விடச் செய்யலாம்.

ஆனால் எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் உண்டு. இப்படி ஊதி வளர்த்தது அதன் சொந்த வடிவத்தில் இருப்பதில்லை. ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் தரையோடு தட்டையாக இருக்க வேண்டிய செடி. ஒட்டில் அது எழும்பி நிற்கும். குட்டி போடாததும் சில நேரம் குட்டி போடும். விதைக்கும் பூவுக்கும் என்றால் சரி. அழகுக்கு என்றால் சொந்த வேரில் மெதுவாக வந்ததுதான் எனக்குப் பிடிக்கும்.

மே 11

அக்னி நட்சத்திரம். புது ஒட்டு யாரும் கட்ட வேண்டாம், பிடிக்கும் முன்னே உருண்டை வற்றிவிடும். இருப்பதைக் காப்பாற்றுங்கள். டிராகன், மரத்தில் பற்றி ஏறி நிழலில் வளர்கிற செடி, நம் வெயிலில் மஞ்சளாக வெந்துபோகும். பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை கட்டுங்கள். தண்ணீர் பொழுது சாய்ந்த பிறகு. கள்ளி இரவில்தான் மூச்சுவிடத் திறக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்பதால் மச்சான் வீட்டில் இருக்கிறார். வலை கொடுத்தவர் இப்போது தானே ஒட்டுக் கட்டுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்ன அக்னியில் கட்டினார். பிடித்திருக்கிறது. வலை முடிச்சுப் போட்ட கை, என்ன செய்ய? ஆனால் அவர் வைத்த இடத்தையும் சொல்ல வேண்டும்: கிணற்றடி, கீற்றுக்கொட்டகை நிழல், அடியில் எப்போதும் ஈரமணல். ஆக, அக்னியில் கூடாது என்பதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். மொட்டைமாடியில் கூடாது.

ஜூன் 25

தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. தென்கடல் பக்கம் வீடு இருப்பவர்கள் தொட்டிகளைச் சுவரின் வடக்குப் பக்கம் மாற்றுங்கள். உப்புச் சாரல் உருண்டையில் படிந்து காய்ந்தால் தோல் சொரசொரவென்று பழுப்பாகும், பிறகு மாறாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம், ஒட்டு ஆறி முடிந்ததை மட்டும். வடகடல் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வேலை வாடைக்காற்றில் வரும்.

தொட்டியின் மேல் அலங்காரத்துக்குப் பவளப்பாறைத் துண்டு போட்டுப் படம் வந்திருக்கிறது. எடுத்துவிடுங்கள். பவளப்பாறை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, கரையில் ஒதுங்கியது என்றாலும் வைத்திருக்கக் கூடாது. நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாறையை உடைத்து ஏற்றி ஏற்றித்தான் கரைந்து போனது. செடிக்கும் அது நல்லதில்லை, சுண்ணாம்பு. கூழாங்கல் போடுங்கள்.

ஜூன் 26

அம்மா சொல்கிறார்: முள்செடி வீட்டில் இருந்தால் சண்டை வரும். வீட்டில் சண்டை வருகிறதுதான். செடிக்கு இடம் போதாமல்.

ஆகஸ்ட் 17

மாற்றிக்கொள்வது பற்றி இரண்டு வார்த்தை. இப்போது தொண்டிக்கும் சாயல்குடிக்கும் கோயம்புத்தூருக்கும் பார்சல் போகிறது, வருகிறது. வந்ததில் பாதி பாலித்தீன் பையில் வேர்த்து வருகிறது. மண்ணை உதறி, வேரை இரண்டு நாள் காயவிட்டு, செய்தித்தாளில் சுற்றுங்கள். ஒட்டின் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சி வைத்துக் கட்டினால் வழியில் உடையாது. தேங்காய் ஈர்க்கு போதும். முள்ளின் மேல் பஞ்சு.

அதைவிட முக்கியம், சீட்டு எழுதுங்கள். மேலே என்ன, கீழே என்ன, எந்த மாதம் கட்டியது. ஒட்டை மண்ணுக்குள் மறைத்து நட்டு, சொந்த வேர்ச் செடி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் அதை நம்பி ஆழமாகத் தண்ணீர் விட்டு, புதைந்த டிராகன் அழுகி, கடைசியில் தனக்குக் கைராசி இல்லை என்று முடிவு செய்துகொள்கிறார். நமக்குள் அந்த வேலை வேண்டாம். என்னிடம் வாங்கிய குட்டியை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்தால் அந்தச் சீட்டையும் நகல் எடுத்துக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து விதை தருவிக்கலாமா என்று ஒருவர். கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுதும் சர்வதேச உயிரினவணிக உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. டிராகன் மேல் ஒட்டிய நிறம் மாறிய உருண்டைகளுக்கு அதில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், கடைகளில் அது சுலபமாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விதை என்றாலும் நம் நாட்டுக்குள் வர இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் வேண்டும். உறையில் போட்டு ரகசியமாக வரவழைப்பதைப் பற்றி இங்கே யாரும் பேச வேண்டாம். நமக்குள்ளேயே விதை எடுக்க வழி இருக்கிறது.

அக்டோபர் 20

ஐப்பசி. பிளேடுகளை உறையில் போடுங்கள். மழையில் நனையாமல் வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது, காற்றே நனைந்திருக்கிறது. வெட்டு காயாது, இரண்டாம் நாளே கறுப்புப் பூஞ்சை. தையில் வெயில் திரும்பும்வரை பொறுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு. செடி அழுகிக்கொண்டிருந்தால் நாள் பார்க்க வேண்டாம், அறுத்து ஏற்றிவிடுங்கள். எப்படியும் போகப் போவதுதான். மின்விசிறிக்கு எதிரே வைத்தால் சிலது தப்பும்.

ஜனவரி 19

சாயல்குடியில் இருந்து வந்த படம் என்னைத் தூங்கவிடவில்லை. பழைய ஒட்டு, உருண்டை உதிர்ந்துவிட்டது, தண்டு மட்டும் நின்றது. ஒட்டிய விளிம்பில் இருந்து இப்போது ஒரு குட்டி வருகிறது. பாதி பச்சை, பாதி சிவப்பு. தண்டின் குட்டியும் இல்லை, உருண்டையின் குட்டியும் இல்லை.

இரண்டு செடியின் திசுவும் கலந்து ஒரே மொட்டாக எழும்புவது அபூர்வமாக நடக்கும். ஒட்டுக் கலவை என்பார்கள். ஹைலோகாலிசியம் என்று ஒன்று உலகம் முழுக்க வளர்ப்பவர்களிடம் இருக்கிறது, டிராகனும் ஜிம்னோகாலிசியமும் கலந்தது. விதைக் கலப்பு இல்லை, இரண்டின் உயிரணுக்களும் தனித்தனியாகவே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சாயல்குடிச் செடி அதுதானா என்று இப்போதே கூத்தாட வேண்டாம். உருண்டையின் ஒரு துணுக்கு விளிம்பில் மிஞ்சியிருந்து அதுவே துளிர்த்திருக்கவும் கூடும். குட்டி கட்டைவிரல் அளவு வரட்டும், பட்டை எத்தனை, முள் எப்படி என்று பார்ப்போம். அதுவரை அறுக்காதீர்கள், யாருக்கும் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள், அதில் நானும் ஒருவன்.

மார்ச் 8

ஆஸ்ட்ரோஃபைட்டம் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. இரண்டு வேறு செடி ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். பெரியபட்டினத்துக்காரர் மொட்டுப் படம் போட்டிருக்கிறார், இந்தமுறை தண்டும் தெரிகிறது, நன்றி. என் செடியிலும் மொட்டு வந்திருக்கிறது. பகலில் வெயில் ஏறியதும் விரியும், சாயங்காலம் மூடும், ஓரிரு நாள்தான் ஆட்டம். அதனால் இப்படிச் செய்வோம்: எது முதலில் விரிந்தாலும் காய்ந்த தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, வெள்ளைத்தாளில் மடித்து, தாளை மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டாவது பூ விரிந்த அன்று தாளை யாராவது ஒருவர் காலை பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டால் போதும். நான் வந்துவிடுகிறேன், எனக்கு ராமநாதபுரத்தில் வேறு வேலையும் இருக்கிறது.

காய் பழுத்தால் விதை பாதிப் பாதி. தொண்டியில் இருந்து கேட்டவருக்கு என் பாதியில் இருந்து.